மருத்துவ ஆராய்ச்சியில் வழங்கும் சில சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியச் சுவையை எடுத்து வழங்குவது மரபு. எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அம்மரபினைச் செவ்வனே காத்தார்கள். நானோ மருத்துவ ஆராய்ச்சியில் வழங்கும் சில சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விருந்துக்கு அழைத்த இடத்தில் கஷாயம் தருகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். கஷாயந்தான், ஆயினும் அளவோடு தருவேன் என்று உறுதி கூறுகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். மருத்துவ ஆராய்ச்சிகளில் சேரும் எண்களைத் தொகுத்துக் கணக்கிடும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நிகழ்ச்சியே காரணம். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தாராவியில் வாழும் ஓர் அம்மையார் மாட்டுங்காவில் உள்ள என் வீட்டிற்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்து குடியேறிய குடும்பம். அவருடைய கணவருக்குக் காசநோய். சிகிச்சை பெற்று வந்த இடத்தில் ஒரு புதிய ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகக் கூறி, பல பக்கங்கள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தார்கள். படிவம் இந்தியில் இருந்தது. கணவர் பெயர் எழுதத் தெரிந்தவர், அம்மையார் கைந்நாட்டு.

“அண்ணாச்சி, இதுல பிளாசிபோன்னு ஒரு மருந்து தருவோம்னு போட்டிருக்காம். சீமையிலிருந்து வந்த மருந்தா? வெல கூடுனதா இருக்குமோ?” என்று அவர் கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, “இல்லை அம்மா, அதில் மருந்தே கிடையாது” என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. “அப்போ மருந்தே கொடுக்காம எங்க வீட்டுக்காரரை ஏமாத்தப் போறாங்களா?” என்றார்.

அவருடைய முதல் எண்ணம் தவறு. என் விடையால் அவர் கொண்ட இரண்டாம் எண்ணமோ அதனினும் பெருந்தவறு. நாற்பது ஆண்டுகள் அச்சொல்லை ஆங்கிலத்தில் ஆண்டவன் நான். என் தாய்மொழியில் ஓர் ஏழைத் தாய்க்கு அதனை விளக்க நேர்ந்தபோது, விளக்குவதற்கு மாறாக அச்சத்தை ஊட்டிவிட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, நம் மொழியில் நம் மக்களுக்கு எவ்வாறு சொல்வது என்று எண்ணத் தொடங்கினேன். அந்த எண்ணத்தின் விளைவே இவ்வுரை.

இச்சொற்கள் அறிஞர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. ஒவ்வொரு சொல்லின் பின்னும் மனிதர் செய்த ஒரு பிழையும், அப்பிழையினின்றும் தப்புவதற்குக் கண்ட ஒரு வழியும் உள்ளன. அவற்றுள் பலவற்றின் வரலாறு நாம் வாழும் இம்மும்பையிலும் நாம் விட்டு வந்த தமிழகத்திலுமே நிகழ்ந்திருக்கிறது.

பைகுல்லா சிறைச்சாலை

1896ஆம் ஆண்டில் இந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் முதலில் கண்ட அக்கொள்ளை நோய், சில திங்களில் நகரையே கலக்கிவிட்டது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அப்போது இங்கு வந்து ஆய்வில் இறங்கியவர் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் பேரறிஞர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அமைந்த சிறு ஆய்வுக்கூடத்தில் பிளேக் நோய்க்கு எதிரான தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பரேலில் இன்றும் அவர் பெயரால் ஒரு நிறுவனம் விளங்குகிறது.

அதே ஜனவரித் திங்களின் இறுதியில் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. கைதிகளுள் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர் ஏறத்தாழ 150 பேர். போட்டுக்கொள்ளாதவர் ஏறத்தாழ 170 பேர். போட்டுக்கொள்ளாதவருள் 12 பேருக்கு நோய் கண்டது; அவர்களுள் 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவருள் 2 பேருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை.

இங்கே நமக்கு முதற்சொல் கிடைக்கிறது. அதுவே ‘ஒப்பீட்டுக் குழு’. ஆங்கிலத்தில் இதனைக் ‘கண்ட்ரோல்’ என்பர். மருந்து பெற்ற கைதிகளை மட்டும் பார்த்து, “இருவருக்கே நோய் கண்டது” என்று சொன்னால், அது மருந்தின் வெற்றியா, நோயே தணிந்துவிட்டதா என்று எவ்வாறு அறிவது? மருந்து பெறாத கைதிகளை அருகில் நிறுத்திப் பார்க்கும்போதே அவ்வெண்ணுக்குப் பொருள் பிறக்கிறது. “இந்தச் சூரணத்தைத் தின்றேன், ஒரே வாரத்தில் சளி போயிற்று” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. சூரணம் தின்னாதவருக்கும் ஒரு வாரத்தில் சளி போயிற்றா என்று கேட்பதே ஒப்பீடு.

ஆயினும் பைகுல்லாவில் ஒரு குறை இருந்தது. ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் எத்தகையோர்? ஒருவேளை உடல் வலிமையும் துணிவும் உடையவர்களாகவும், தூய்மையில் நாட்டமுடையவர்களாகவும் இருந்திருக்கலாம். அவ்வாறாயின் அவர்கள் பிழைத்தது ஊசியாலா, தம் இயல்பாலா? இவ்வாறு இரு குழுவும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருப்பதால் நேரும் பிழைக்கு ‘ஒருபாற் சாய்வு’ என்று பெயரிடலாம். ஆங்கிலத்தில் ‘பயாஸ்’ என்பர். தராசின் ஒரு தட்டில் முன்னரே சிறிது புளியை ஒட்டி வைத்துவிட்டு நிறுப்பது போன்றது அது. நிறுப்பவர் நேர்மையானவராக இருந்தாலும் நிறை பொய்யாகிவிடும்.

மற்றொன்றும் உண்டு. சிறையில் அடைபட்டவன் “முன்வந்தான்” என்று சொல்வதன் பொருள் என்ன? மறுக்கும் உரிமை உள்ளவனுடைய இசைவே இசைவாகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருகிறேன்.

குடவோலையும் சென்னை ஆய்வும்

ஒருபாற் சாய்வினின்றும் தப்புவதற்கு என்ன வழி? எவர் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கக் கூடாது. நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். இதனையே ஆங்கிலத்தில் ‘ராண்டம்’ முறை என்பர். தமிழருக்கு இது புதியது அன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டில், ஊராட்சி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை பொறிக்கப்பட்டுள்ளது. அறியாச் சிறுவனை ஏன் அழைத்தார்கள்? எடுப்பவனுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்னும் எண்ணம் இருத்தல் ஆகாது என்பதற்காகவே. ஆதலால் இம்முறையைக் ‘குடவோலை ஒதுக்கீடு’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தை இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் இம்முறையைத் திறம்பட அமைத்தார். யார் எந்தக் குழு என்னும் சீட்டு முத்திரையிட்ட உறையில் இருந்தது. 107 நோயாளிகளுள் 55 பேர் மருந்து பெற்றனர். 52 பேர் அக்கால வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு திங்களில் முதற்குழுவில் இறந்தவர் 4 பேர். இரண்டாம் குழுவில் 14 பேர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு உலகுக்கே வழிகாட்டியாயிற்று.

அடுத்த பேராய்வு நம் சென்னையில் நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கின. அந்நிலையமே வளர்ந்து இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் விளங்குகிறது. அதன் முதல் ஆண்டுகளில் ஆராய்ச்சியை நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

அக்காலத்தில், எலும்புருக்கி நோய் கண்டவர் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், பாலும் முட்டையும் வேண்டும் என்பதே மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. நாட்டில் நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. படுக்கை கிடைக்காத ஏழை வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை தின்றால் பிழைப்பானா? அவனால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? இவ்வினாக்களுக்கு விடை காண, சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளைக் குடவோலை முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியசிடும் பாஸ் என்னும் மருந்தும் ஓராண்டுக் காலம்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டனர், ஓய்வாக இருந்தனர், உடல் எடையும் மிகுதியாகப் பெற்றனர். வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்று உணவு, இடநெருக்கம், வேலை. ஆயினும் ஓராண்டின் முடிவில் நோய் தணிந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளிவரத் தொடங்கியபின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு என்பது மருந்து மறுக்கப்பட்ட குழு அன்று. இரு பிரிவினருக்கும் மருந்து கிடைத்தது, இடமே வேறுபட்டது. ஒப்பீட்டுக் குழு என்ற சொல்லைக் கேட்டவுடன், “நம்மைச் சோதனை எலி ஆக்கி மருந்தின்றி விட்டுவிடுவார்கள்” என்று அஞ்ச வேண்டுவதில்லை. “அந்தக் குழுவுக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டறிய வேண்டும்.

மருந்துப்போலியும் இருபுற மறைப்பும்

இனி, அந்த அம்மையாரை மயக்கிய சொல்லுக்கு வருகிறேன். பிளாசிபோ என்பதைத் தமிழில் ‘மருந்துப்போலி’ என்பர். நல்ல சொல். உருவம், நிறம், சுவை எல்லாம் மருந்தைப் போல இருக்கும்; உள்ளே மருந்தின் சத்து இராது.

அதனை ஏன் தருகிறார்கள்? மனித மனத்தின் இயல்பே காரணம். புதிய மருந்தைத் தின்கிறோம் என்னும் நம்பிக்கையே பலருக்குத் தலைவலியைக் குறைக்கிறது. மருத்துவருக்கும் இம்மனம் உண்டு. தாம் நம்பும் மருந்தைப் பெற்ற நோயாளி “சற்றுத் தேவலை” என்றால் அதனை “நன்கு குணம்” என்று எழுதிவிடுவார். அவர் பொய்யர் அல்லர், மனிதர். ஆதலால் யார் உண்மை மருந்து தின்கிறார், யார் போலி தின்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாமல், சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பர். இதனை ‘இருபுற மறைப்பு’ எனலாம். ஆங்கிலத்தில் ‘டபுள் பிளைண்ட்’. நோயாளிக்கு இடர் நேருமாயின் மறைப்பை உடனே நீக்கிப் பார்ப்பதற்கும் வழி செய்திருப்பார்கள்.

இதற்கும் நம் நாட்டிலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1968ஆம் ஆண்டு முதல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியை இலட்சக்கணக்கான மக்களிடையே ஆராய்ந்தனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்குப் போலி ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. முழு அறிக்கை 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. உழைத்தவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றம்! ஆயினும் மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளைத் தடுக்கும் என்பதால் இன்றும் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அவ்வூசி போடப்படுகிறது. ஆனால் அது பெரியவர்களுக்குக் கவசம் ஆகாது என்னும் உண்மையைச் செங்கற்பட்டு மக்கள் தம் உடலால் உலகுக்கு உணர்த்தினார்கள். பயன் இல்லை என்று அறிவதும் பயனுள்ள அறிவே.

இனி அம்மையாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது எது? “அம்மா, காசநோய்க்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் எல்லாருக்கும் உண்டு. அவற்றோடு ஒரு புதிய மாத்திரையும் சேர்த்துத் தந்தால் இன்னும் நலமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு அந்தப் புதிய மாத்திரை. பாதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் மாத்திரை. வழக்கமான மருந்தை யாருக்கும் நிறுத்தவில்லை” என்பதே. அந்தப் படிவத்தில் அவ்வாறே எழுதியிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் முதற்பக்கத்தைப் பார்த்து விடை சொன்னேன்.

நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

அடுத்து எண்களைப் பற்றிய சொற்கள். என் தொழில் அதுவாதலால் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

1998ஆம் ஆண்டில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஒரு பேராய்வைத் தொடங்கினர். 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் ஒன்றரை இலட்சம் பேர் அதில் அடங்குவர். பகுதிகளை இருபது தொகுதிகளாகப் பிரித்து, பத்துத் தொகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டா என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்தனர். சோதனை எளியது. காடி போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பது. செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு அளவில் படித்து, சில வாரங்கள் பயிற்சி பெற்ற பெண்கள். மற்றப் பத்துத் தொகுதிகளில் நோய் பற்றிய விளக்கம் மட்டுமே அளித்தனர். இங்கே தனி மனிதரைப் பிரிக்காமல் தொகுதி தொகுதியாகக் குடவோலை இட்டனர். இதனைத் ‘தொகுதி ஒதுக்கீடு’ எனலாம்.

2014ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்பட்ட தொகுதிகளில் அந்நோயால் இறந்தவர் தொகை நூற்றுக்கு 31 பங்கு குறைந்திருந்தது. பெரும் வெற்றி. ஆயினும் “நூற்றுக்கு 31” என்றவுடன், நூறு பெண்களைச் சோதித்தால் 31 பேர் உயிர் பிழைப்பர் என்று எண்ணிவிடக் கூடாது. சோதிக்கப்படாத தொகுதிகளில் இலட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 16 பேர் இறந்தனர். சோதிக்கப்பட்ட தொகுதிகளில் 11 பேர். பதினாறு பதினொன்றாகக் குறைந்தால், அது பதினாறில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதனை ‘ஒப்பளவுக் குறைவு’ எனலாம். இலட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு ஐந்து உயிர் என்பது ‘தனியளவுக் குறைவு’. இரண்டும் உண்மை. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் அந்த ஐந்து ஆயிரக்கணக்கில் பெருகும். ஆனால் மருந்து விற்போர் விளம்பரத்தில் பெரும்பாலும் முதல் எண்ணே பெரிய எழுத்தில் இருக்கும். “நூற்றுக்கு ஐம்பது குறைக்கும்” என்று எவரேனும் சொன்னால், “எத்தனையிலிருந்து எத்தனை?” என்று கேளுங்கள். இரண்டு ஒன்றானாலும் ஐம்பதுதான். இருநூறு நூறானாலும் ஐம்பதுதான்.

அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்கும் கையால் தொட்டுச் சோதித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மொத்தத்தில் இறப்பு நூற்றுக்கு 15 பங்கு குறைந்து காணப்பட்டது; ஆனால் அது ‘புள்ளியியல் முறையில் குறிப்பிடத்தக்கது அன்று’ என்று எழுதினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே ஏறத்தாழ 30 பங்கு குறைவு தெளிவாகக் காணப்பட்டது. ‘குறிப்பிடத்தக்கது அன்று’ என்றால் சிறியது என்றோ, பயனற்றது என்றோ பொருள் அன்று. இவ்வளவு வேறுபாடு வெறும் தற்செயலாலும் நேர்ந்திருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஆறு முறை தலை விழுவது வியப்பன்று. ஆயிரம் முறையில் அறுநூறு தலை விழுந்தால் நாணயத்தை ஐயுற வேண்டும். அவ்வாறே, ‘குறிப்பிடத்தக்கது’ என்று எழுதப்பட்டதெல்லாம் வாழ்வில் பெரியது என்றும் பொருள் அன்று. வெறும் தற்செயலால் நேர்ந்திருத்தல் அரிது என்பதே அச்சொல்லின் எல்லை.

இம்மும்பை ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும் எழுந்தது. சோதனை பயன் தரும் என்று நம்ப இடமிருந்தும், பாதிப் பெண்களை இத்தனை ஆண்டுகள் சோதிக்காமல் விட்டது முறையா என்று அறநெறி அறிஞர் சிலர் வினவினர். நாட்டில் அன்று எவருக்குமே அத்தகைய சோதனை ஏற்பாடு இல்லை. எளிய முறை ஒன்று பயன் தரும் என்று மெய்ப்பித்தால் அன்றி ஏற்பாடு பிறக்காது என்று மற்றொரு சாரார் விடையிறுத்தனர். இரு சாரார் கூற்றிலும் எடை உண்டு. நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒப்பீட்டுக் குழு என்னும் சொல்லுக்குள் அந்தந்தப் பகுதிகளில் வாழ்ந்த தாய்மார்களின் உயிர் இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அறிந்து அளிக்கும் இசைவு

இனி, நான் மிக முதன்மையாகக் கருதும் சொல்லுக்கு வருகிறேன். ‘அறிந்து அளிக்கும் இசைவு’ என்பது அது. மூன்று சொற்களிலும் அழுத்தம் இருக்கிறது. அறியாமல் அளிப்பது இசைவு அன்று. அச்சத்தால் அளிப்பதும் இசைவு அன்று. பைகுல்லாச் சிறைவாசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடிப்படையாக ஒரு வேறுபாட்டை நம் மக்கள் உணர வேண்டும். சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. சிகிச்சையின் நோக்கம் எதிரே அமர்ந்திருக்கும் இந்த ஒரு நோயாளியின் நலம். ஆராய்ச்சியின் நோக்கம் நாளை வரப்போகும் பலருக்காக ஒரு வினாவுக்கு விடை காண்பது. ஒரே மருத்துவர், ஒரே வெள்ளை அங்கி, ஒரே அறை. ஆயினும் நோக்கம் இரண்டு. “டாக்டர் ஐயா நம் நன்மைக்குத்தானே சொல்கிறார்” என்று கருதிப் படிக்காமல் கையெழுத்திடுவோர் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள். ஆராய்ச்சியில் சேர்வது தனக்கும் நன்மை ஆகலாம், ஆகாமலும் போகலாம், பிறருக்கு உதவும். அதனை அறிந்து சேர்பவர் சோதனை எலி அல்லர், கொடையாளர்.

சட்டம் இன்று நமக்குத் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். ஒவ்வோர் ஆராய்ச்சியையும் ‘அறநெறிக் குழு’ ஒன்று முன்னரே ஆராய்ந்து ஒப்ப வேண்டும். அக்குழுவில் மருத்துவர்கள் மட்டுமன்றிச் சட்டம் அறிந்தவரும், பொதுமக்களுள் ஒருவரும், பெண் உறுப்பினரும் இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப் பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்க அறியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து, விளக்கம் முழுவதும் சொல்லப்பட்டதைக் கண்டு கையொப்பமிட வேண்டும். படிவத்தின் ஒரு படியை நோயாளிக்குத் தர வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியப் பதிவேடு ஒன்றும் உண்டு. அதனை எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

ஆகவே, நம்மவர் எவரிடமேனும் இத்தகைய படிவம் வந்தால், கையெழுத்துக்கு முன் ஆறு வினாக்கள் கேட்கட்டும். இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? மற்றக் குழுவுக்கு என்ன தருவீர்கள்? இதனால் நேரக்கூடிய தீங்கு என்ன, நேர்ந்தால் பொறுப்பு யார்? இடையில் விலக விரும்பினால் என் வழக்கமான சிகிச்சை தொடருமா? இதன் படியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரலாமா? நேர்மையான ஆராய்ச்சியாளர் இவ்வினாக்களுக்கு மகிழ்ந்து விடை கூறுவார். சினப்பவரிடம் கையெழுத்து வேண்டுவதில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

திருக்குறளில் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரம் நோயுற்றவரையும் மருத்துவத்தின் கூறுகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணியது. நோயாளி வாய்மூடி இருக்கும் பொருள் அல்லன் என்பது நமக்கு மிகப் பழமையான கருத்து.

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றும் அறிந்த தமிழ் இளைஞர்கள் நம்மிடையே நிரம்ப இருக்கிறார்கள். கல்லூரியில் அறிவியல் பயிலும் பெண்களும் இருக்கிறார்கள். சங்கத்தின் அறையில் வாரத்தில் ஒரு மாலை, மருத்துவத் தாள்களைத் தமிழில் படித்து விளக்கும் பணியை இவர்கள் மேற்கொள்ளலாகாதா? சேரு என்றோ சேராதே என்றோ சொல்ல வேண்டாம். அது நோயாளியின் உரிமை. எழுதியிருப்பதை ஐந்தாம் பக்கம் வரை, கடைசிப் பக்கம் வரை, ஒழுங்காகப் படித்துச் சொன்னால் போதும். என் பிழையை அவர்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

அந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் நான் அவர் வீட்டைத் தேடிச் சென்று, படிவம் முழுவதையும் படித்துத் தமிழில் கூறினேன். கணவரும் மகனும் உடனிருந்து கேட்டார்கள். மகன் சில வினாக்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கேட்டு வந்தான். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தபின் கணவர் ஆராய்ச்சியில் சேர இசைந்தார். “நமக்கு ஆகலேன்னாலும், பின்னால வர்றவுகளுக்கு ஆகட்டுமே, அண்ணாச்சி” என்று அம்மையார் சொன்னார்.

சென்னையின் நெருக்கமான வீடுகளில் 193 பேரும், செங்கற்பட்டுக் கிராமங்களில் இலட்சக்கணக்கானவர்களும், மும்பைக் குடிசைகளில் ஒன்றரை இலட்சம் தாய்மார்களும் நமக்குத் தந்த கொடையின் பொருள் அதுவே. கொடுப்பவர் இன்னது கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கச் செய்வது கற்ற நம் கடமை. அக்கடமைக்குத் தமிழ் கருவியாகட்டும்.